காங் கிராமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தின் தென்கோடியில், கால்வே எல்லையை ஒட்டி இருக்கிறது காங். கால்வேயிலும் டப்ளினிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் வார இறுதியில் போய்வந்ததும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். அவசரமாக இருந்தால் மூன்றாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். இந்த ஊரின் பாதிக் கதை சுண்ணாம்புக் கல்லில் அடங்கியிருக்கிறது.

1. 'காங்'னு பேரே விசித்திரமா இருக்கே, என்ன அர்த்தம்?

நம் நாளிதழ் வாசகர்களுக்கு 'காங்.' என்றால் நினைப்பு வேறெங்கோ போகும். இது ஐரிஷ் மொழியின் 'குங்கா'. இடுக்கான நிலம் என்று பொருள். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி, நடுவில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நிலக்கழுத்து. அதன் தென்முனையில் ஊர். முழுப் பெயரில் ஃபெய்ஹின் என்ற துறவியின் பெயரும் சேரும். 7-ஆம் நூற்றாண்டில் இங்கே முதல் மடத்தை நிறுவியவர் அவர் என்பது மரபு.

காரிப் சாதாரண ஏரி அல்ல. சுமார் 176 சதுர கிலோமீட்டர் பரப்பு. அயர்லாந்துக் குடியரசில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. நாளுக்கு ஒன்றாக 365 தீவுகள் உண்டு என்பார்கள். அது பேச்சு வழக்கு, கணக்கெடுப்பு அல்ல.

2. கால்வேல இருந்து காலைல போய் சாயங்காலம் திரும்பிடலாமா?

தாராளமாக. 45 கிலோமீட்டர்தான், காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். என்84 சாலையில் ஹெட்ஃபோர்டு வரை, அங்கிருந்து ஆர்334-இல் கிராஸ், பிறகு ஆர்346-இல் காங். பஸ் குறைவு. திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் பஸ்ஸில் கிளம்ப வேண்டாம்.

மடாலயமும் ஆற்றங்கரையும் மட்டும் என்றால் இரண்டு மணி நேரம் போதும். வறண்ட கால்வாய், புறாக் குகை, காரிப் ஏரியில் படகு என்றால் முழு நாள். வெயில் அடிக்கிறதே என்று சாதாரணச் செருப்போடு போகாதீர்கள். காட்டுப்பாதையில் பாசி படிந்த கல் ஏராளம்.

3. மேல ஒரு ஏரி, கீழ ஒரு ஏரி. நடுவுல ஆறே காணோமே, தண்ணி எப்படிப் போகுது?

நிலத்துக்கு அடியில் போகிறது. மாஸ்க் ஏரியின் நீர்மட்டம் காரிப் ஏரியைவிடச் சுமார் பத்து மீட்டர் உயரம். மாஸ்க்கின் தென்கரையோரம் பாறையில் இருக்கும் ஓட்டைகளும் வெடிப்புகளும் தண்ணீரை விழுங்கிக்கொள்கின்றன. நிலக்கழுத்தின் அடியில் குகைகள் வழியாக ஓடி, காங் ஊரில் ஊற்றுகளாக மேலே வருகிறது. ஊரைச் சுற்றும் காங் ஆறு பிறப்பது இங்கேதான். அது சிறிது தூரமே ஓடி காரிப்பில் கலந்துவிடும்.

காரணம் பாறை. சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல் இது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி இலேசான அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு விரல் அகலமாகி, கடைசியில் ஆள் நடக்கும் குகையாகிறது. ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் போனால் பாறை மாறிவிடும். அங்கே கரையாத பழைய பாறை. எனவே மலை, ஓடை, சதுப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கின்றன.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள்ளேயே பழைய மாவு ஆலை இருந்த இடத்துக்குப் போங்கள். மழைக்காலத்தில் கல்லுக்கடியிலிருந்து தண்ணீர் உலைநீர் போலப் புரண்டு எழும். மேலே ஓடை எதுவும் வந்து சேராது. ஆலை அங்கே அமைந்ததற்குக் காரணமும் அந்த வேகம்தான்.

4. அப்போ காங் ஒரு தீவா?

கிட்டத்தட்ட. மேலே சொன்ன ஊற்றுகளின் கிளைகள் ஊரைச் சுற்றிக்கொள்வதால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாலத்தைத் தாண்டுவீர்கள். ஆனால் கோடையில் சில கிளைகள் காய்ந்து கல்லாகக் கிடக்கும். அப்போது பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

5. பிஜன் ஹோல் குகைக்குள்ள குழந்தைங்களோட இறங்கலாமா?

ஊருக்கு மேற்கே காட்டுக்குள் இருக்கிறது இந்தப் 'புறாப் பொந்து'. அறுபது சொச்சம் கற்படிகள் செங்குத்தாக இறங்கும். அடியில் மூன்றாவது பதிலில் சொன்ன நிலத்தடி ஆறு ஓடும் சத்தம் கேட்கும். கூரை இடிந்ததால் திறந்துகொண்ட பள்ளம் இது.

படிகள் எப்போதும் ஈரம், உயரமும் ஒரே சீரில் இல்லை. கைபேசி வெளிச்சத்தை நம்பாமல் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கையைக் கைப்பிடிக்கு ஒதுக்குங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு இறங்க வேண்டாம். அடியில் நீர் ஏறியிருக்கும். நடை பழகாத குழந்தையை மேலேயே வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே வெள்ளை டிரவுட் மீன் ஒன்று வாழ்வதாகக் கதை உண்டு. காதலனை இழந்த பெண் மீனானாள். ஒரு சிப்பாய் அதைப் பிடித்து வாணலியில் போட்டான். எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை. கத்தியை வைத்ததும் அலறிக்கொண்டு பெண்ணாக எழுந்து, 'என்னை ஆற்றிலேயே விடு' என்றாளாம். படியிறங்கும்போது குழந்தைகளை மெதுவாக நடக்க வைக்க இந்தக் கதை உதவும்.

6. தண்ணியே இல்லாத கால்வாய்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு?

ஊரின் கிழக்குப் பக்கம். மாஸ்க், காரிப் இரண்டையும் இணைத்துப் படகு விடும் திட்டம். உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில், 1848-இல், அரசின் பொதுப்பணி வாரியம் தொடங்கியது. பட்டினியில் இருந்தவர்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதும் நோக்கம். 1854-இல் படகுப் போக்குவரத்து வேலை நிறுத்தப்பட்டது. ஒரு படகும் போகவில்லை.

பாலத்தின் மேலிருந்து குனிந்து பாருங்கள். படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியின் சுவர்கள் இழைத்த சுண்ணாம்புக் கற்களால் ஆனவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கத்தி நுழையாது. கதவு சுழல்வதற்கென்று குடைந்த வளைவும் அப்படியே இருக்கிறது, கதவுதான் இல்லை. கோடையில் அடியில் புல்லும் சேறும். குளிர்காலத்தில் மாஸ்க் நிரம்பினால் இதிலேயே தண்ணீர் ஓடும். ஆகஸ்டில் பார்த்தவரும் ஜனவரியில் பார்த்தவரும் சண்டை போட்டுக்கொள்ளக் காரணம் இதுதான்.

7. கல்லு ஒழுகும்னு கூடத் தெரியாம கட்டினாங்களா? அவ்வளவு முட்டாள்களா?

ஊரில் சொல்லப்படும் வேடிக்கைக் கதை அது: திறப்பு விழாவில் தண்ணீரைத் திறந்ததும் பாறை குடித்துவிட்டது என்று. உண்மை அவ்வளவு சுவாரசியமில்லை. சுண்ணாம்புக் கல் ஒழுகும் என்பது அந்தக் காலப் பொறியாளர்களுக்கும் தெரியும். பிசைந்த களிமண்ணைக் கனமாகப் பூசி ஒழுக்கை அடைக்கும் முறையும் அப்போதே வழக்கத்தில் இருந்தது. அதற்கு ஆள்கூலியும் களிமண்ணும் ஏராளம் வேண்டும்.

1851-இல் கால்வேக்கு ரயில் வந்துவிட்டது. படகில் சரக்கு ஏற்றி யாருக்கு லாபம்? மேலும் செலவழிக்க மனமில்லாமல், வெள்ளநீர் வடியும் அளவுக்கு முடித்தால் போதும் என்று உத்தரவானது. பாறை செலவை ஏற்றியது, ரயில் தேவையைக் குறைத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது பாதிக் கதை. வடிகாலாக இந்தக் கால்வாய் இன்றும் வேலை செய்கிறது என்பதால் முழுத் தோல்வி என்பதும் சரியல்ல.

8. மடாலயம் எவ்வளவு பழசு? எல்லாமே ஒரிஜினலா?

ஃபெய்ஹினின் மடம் மறைந்துவிட்டது. இப்போது நிற்பது 12-ஆம் நூற்றாண்டில் மேற்கு அயர்லாந்தின் கானக்ட் நாட்டு அரசர் டர்லாக் ஓ'கானர் ஆதரித்த அகுஸ்தீனியத் துறவியர் மடத்தின் இடிபாடு. 1137-இல் தீப்பிடித்த பின் மீண்டும் கட்டப்பட்டது. அழகான வாசல்கள் 1200-ஐ ஒட்டிய காலத்தவை. பார்க்கக் கட்டணம் இல்லை.

எல்லாம் பழசு என்று நினைக்க வேண்டாம். 1860-களில் நிலக்கிழார் பெஞ்சமின் லீ கின்னஸ் செலவில் உள்ளூர்க் கல்தச்சர் செப்பனிட்டார். முற்றத் தூண்களில் சில தலைப்பகுதிகள் அவர் கைவண்ணம். விளிம்பு கூர்மையாக, இலைகள் முழுசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணூறு ஆண்டு மழை குடித்த சுண்ணாம்புக் கல் மழுங்கித்தான் இருக்கும்.

9. காங் சிலுவையைப் பார்க்கத்தான் போனோம், அங்க இல்லையே?

அது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில், கில்டேர் தெருவில் இருக்கிறது. 1123-இல் டர்லாக் ஓ'கானர் செய்வித்தது. கருவாலி மரச் சட்டத்தின் மேல் வெண்கலத் தகடு. நடுவில் பளிங்கு, அதன் பின்னால் இயேசுவின் சிலுவைத் துண்டு என நம்பப்பட்ட மரத்துணுக்கு. துணுக்கு தொலைந்துவிட்டது. செய்த கைவினைஞரின் பெயரும் ஓரத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1839-இல் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கல்லா இதை வாங்கி ராயல் ஐரிஷ் அகாடமிக்குக் கொடுத்தார்.

ஊர்த் தெருவில் நிற்கும் கற்சிலுவை வேறு. அதன் அடிக்கல்தான் பழையது. ஓ'டஃபி குடும்பத்து மடாதிபதிகள் இருவருக்காக ஜெபிக்கச் சொல்லும் ஐரிஷ் வாசகம் அதில் இருக்கிறது.

10. கடைசி ஐரிஷ் பேரரசரோட சமாதி இங்கதானே?

இல்லை. டர்லாக்கின் மகன் ரோரி ஓ'கானர் நார்மன்கள் வந்தபோது அயர்லாந்தின் பேரரசராக இருந்தவர். அரசைத் துறந்து இந்த மடத்தில் கடைசிக் காலத்தைக் கழித்து 1198-இல் இறந்தார். உடலை ஷானன் ஆற்றங்கரையிலுள்ள கிளான்மக்நாய்ஸுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

11. ஆத்து மேல குட்டிக் கல்வீடு இருக்கே, குளியலறையா?

மீன்பிடி வீடு. 15 அல்லது 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆற்றுக்குள் நீட்டிய கல்மேடையில் நிற்கிறது. தண்ணீர் அதன் அடியில் ஓடும். தரையில் ஒரு திறப்பு, அதன் வழியே வலை. பக்கத்தில் கணப்பு அடுப்பு. மீன் மாட்டியதும் கயிறு இழுபட்டு மடத்துச் சமையலறையில் மணி அடிக்குமாம். மணி விஷயம் செவிவழிக் கதை, அடுப்பும் திறப்பும் நிஜம்.

12. ஆஷ்ஃபோர்டு கோட்டைக்குள்ள சும்மா போய்ப் பார்க்கலாமா?

அது இப்போது விலை உயர்ந்த ஹோட்டல். தோட்டத்துக்குள் நுழையவே பொதுவாகக் கட்டணம் உண்டு. கட்டடத்தின் வேர் 1228-இல் டி பர்கோ குடும்பம் கட்டிய கோட்டை. நாம் பார்க்கிற கோபுரங்களில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டு. 1852-இல் வாங்கிய கின்னஸ் குடும்பத்தின் பீர்ப் பணம். பெஞ்சமின் கின்னஸின் மகன் ஆர்தர், பின்னாளில் ஆர்டிலான் பிரபு, காடுகளை நட்டு விரிவாக்கினார். டப்ளினின் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவரும் இவர்தான்.

13. 'பாய்காட்'ங்கிற சொல்லு இந்தப் பக்கம்தான் பிறந்துச்சாமே?

ஆமாம். காங்கிலிருந்து வடக்கே, மாஸ்க் ஏரிக் கரையில் லாக் மாஸ்க் ஹவுஸ் என்ற வீடு. அங்கே இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1880-இல் விளைச்சல் மோசம். பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தந்தார், குத்தகைதாரர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார்.

யாரும் அவரை அடிக்கவில்லை. வேலையாட்கள் நின்றார்கள், கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், கடைக்காரர் சாமான் தரவில்லை, தபால் கொண்டுவர ஆளில்லை. வயலில் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் அப்படியே நின்றன. அறுவடைக்கு வடக்கே அல்ஸ்டர் பகுதியிலிருந்து ஐம்பது தொழிலாளர்கள் வந்தார்கள்; அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீசும். சுமார் 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவு என்று அப்போதே கணக்குப் பார்த்தார்கள். டிசம்பருக்குள் பாய்காட் மேயோவை விட்டே போய்விட்டார்.

பெயரை வினைச்சொல்லாக்கியவர் நீல் ஊர்ப் பங்குத்தந்தை ஜான் ஓ'மாலி என்று, அவரோடு இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதினார். வேறு ஆங்கிலச் சொல் விவசாயிகள் வாயில் நுழையாது என்பது பாதிரியாரின் கவலை. இருபது முப்பது ஆண்டுகளில் அந்தச் சொல் இந்தியாவுக்கும் வந்து தமிழில் 'பகிஷ்காரம்' ஆயிற்று. வீடு தனியாருடையது, சாலையிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

14. ஜான் வேய்ன் படம் எடுத்த இடங்கள் இன்னும் இருக்கா?

'தி குவையட் மேன்' 1951 கோடையில் இங்கே படமானது. தெருவும் சிலுவையும் அப்படியே இருக்கின்றன. படத்தில் மதுக்கடையாகக் காட்டிய கட்டடம் அப்போது கடை. ஊரில் இருக்கும் ஓலை வேய்ந்த குடிசை அருங்காட்சியகத்துக்காகக் கட்டிய நகல். நிஜக் குடிசை மாம் பக்கம் இடிந்து கிடக்கிறது.

15. வயலுக்கு நடுவுல பெரிய கல்குவியல்கள் இருக்கே, அது போர்க்களமா?

பாலிமகிப்பன் கற்குவியலைத்தான் பலர் கேட்கிறார்கள். புதிய கற்காலத்தது, சுமார் 18 மீட்டர் உயரம். ஐரிஷ் புராணத்தில் ஃபிர் போல்க் குலத்துக்கும் துவாஹா டே டானன் குலத்துக்கும் மோய்டுரா சமவெளியில் நடந்த முதல் போர் இங்கேதான் என்று வாதாடியவர் வில்லியம் வைல்ட், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தந்தை. 1865-இல் பக்கத்திலேயே வீடு கட்டி அதற்கு மோய்டுரா என்றே பெயரிட்டார். ஒவ்வொரு கல்லையும் கதையின் ஒரு காட்சியோடு பொருத்தினார். தொல்லியல் இதை ஏற்பதில்லை: குவியல்களும் கல்வட்டங்களும் வெவ்வேறு காலத்தவை. ஆனாலும் அவர் எழுதிய அளவுகளும் குறிப்புகளும் இன்றும் பயன்படுகின்றன.

இவை தனியார் வயல்களில் இருக்கின்றன. அயர்லாந்தில் எவர் நிலத்திலும் நடக்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. கேட்டுவிட்டுப் போங்கள், நாயைக் கூட்டிப்போகாதீர்கள். மெட்டல் டிடெக்டரோடு அனுமதியின்றித் தொல்பொருள் தேடுவது குற்றம்.

16. இந்தக் கல்சுவர்ல சிமெண்டே இல்ல, ஓட்டை ஓட்டையா இருக்கு. விழாதா?

ஓட்டைதான் காப்பாற்றுகிறது. காற்று ஊடுருவிப் போவதால் சுவர் தள்ளப்படுவதில்லை. வெளிச்சம் தெரியும் சுவர் ஆடும் என்று பயந்து ஆடு தாண்டாது என்பார்கள் விவசாயிகள். வயலிலிருந்து பொறுக்கிய கல்லே சுவராகிறது: நிலமும் சுத்தம், எல்லையும் ஆயிற்று. ஏறிக் குதிக்காதீர்கள். வாயிற்கதவில் ஏற நேர்ந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். கல் விழுந்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

மேற்கு மலைச்சரிவுகளில் மாலை வெயில் சாய்வாக விழும்போது வரிவரியாகப் பாத்தி மேடுகள் தெரியும். மண்வெட்டியால் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திகள். 1845-இல் அந்தப் பயிருக்குக் கருகல் நோய் வந்தது, பஞ்சம் தொடங்கியது. மேயோவின் மக்கள்தொகை 1841-இல் 3,88,887, 1851-இல் 2,74,499. பத்தில் மூன்று பேர் இல்லை. ஆறாவது பதிலில் சொன்ன கால்வாய்க் கூலிகள் இந்தக் கணக்கிலிருந்து தப்பியவர்கள்.

17. தெரு பேரு, கதவு எண் எதுவும் இல்லாம விலாசம் எப்படி எழுதுறாங்க?

டவுன்லேண்ட் என்ற நிலப்பிரிவின் பெயரை வைத்து. பெயரில் டவுன் இருந்தாலும் சில வயல்களும் நாலைந்து வீடுகளும் சேர்ந்ததுதான்; நாடு முழுக்க 60,000-க்கு மேல் உண்டு. பெயரே நிலத்தைச் சொல்லும்: 'கில்' என்றால் தேவாலயம், 'லிஸ்' என்றால் வட்டக் கோட்டை, 'கார்ட்' என்றால் வயல், 'இன்ச்' என்றால் தீவு, 'போல்' என்றால் குழி. இப்போது 2015-இல் வந்த எயர்கோடு என்ற அஞ்சல் குறியீட்டைப் போட்டால் ஜிபிஎஸ் வாசலுக்கே கொண்டுவிடும்.

பழைய குடும்பங்களைத் தேடவும் டவுன்லேண்ட் பெயர்தான் திறவுகோல். 1901, 1911 கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பக இணையதளத்தில் இலவசம். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி இல்லை: ஒரு பகுதி அரசே அழித்தது, மீதி 1922 டப்ளின் தீயில் போனது. எனவே 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

18. ஊற்றுத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, குடிக்கலாமா?

வேண்டாம். மணலில் வடிகட்டி வரும் தண்ணீர் இல்லை இது. மூன்றாவது பதிலில் சொன்னபடி குகை வழியே ஓடிவருகிறது. மேலே வயலில் தெளித்த சாணக் கரைசலும் வேகமாக இறங்கி அதோடு வந்துவிடும். குழாய்த் தண்ணீர் சரி. கெட்டிலில் படியும் வெள்ளைத் தோல் கரைந்த சுண்ணாம்பு, வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் போய்விடும்.

19. இந்தப் பக்கம் வீடு பார்க்கிறோம். ஏரி கிட்ட இல்லேன்னா வெள்ளம் வராதுல்ல?

வரும். டர்லாக் என்ற பருவ ஏரிகள் இந்தச் சுண்ணாம்பு நாட்டில் உண்டு (மேலே சொன்ன அரசரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி, ஓட்டைகள் வழியாகப் புல்வெளியில் பொங்கி நிற்கும். கோடையில் அதே ஓட்டைகளில் இறங்கிவிடும், மாடு மேயும். ஆறு இல்லை, ஏரி இல்லை, ஆனாலும் மாதக்கணக்கில் தண்ணீர். ஜூலையில் வீடு பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அயர்லாந்து நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலத்தடிநீர் வெள்ள வரைபடத்தையும், பொதுப்பணி அலுவலகத்தின் வெள்ள வரைபடத்தையும் இரண்டையுமே பாருங்கள். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கும். ஜனவரியில் ஒருமுறை நேரில் போங்கள். பிறகு வயலின் கல்சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கீழ்வரிசைக் கற்களில் கரிய பாசி, தொட்டால் காய்ந்த நார் மாதிரி, ஒட்டியிருக்கும். அது தண்ணீரில் மூழ்கும் கல்லில்தான் வளரும். பாசி எந்த உயரத்தில் நிற்கிறதோ, அங்கே வரை வெள்ளம் வந்து நின்றிருக்கிறது. அந்தப் பாசியின் உயரத்தையும் வீட்டு வாசற்படியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.